தட்டச்சர் அறையைப் பார்வையிட ஒரு மனு

வெளிநாட்டவர் ஒருவர் நம் பக்கத்து அரசுக் கட்டடம் ஒன்றைச் சுற்றிப் பார்க்க விரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்று எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. ஆயுளில் பாதிக்கு மேல் அலுவலகத்தில் கழித்தவன் சொல்கிறேன், தேடிப் பார்த்துவிட்டேன். அணையைப் பார்க்க விதி இருக்கிறது. அருங்காட்சியகத்துக்கு இருக்கிறது. சிறைச்சாலையைப் பார்க்கக்கூட இருக்கிறது. ஓடு சரிந்து, சுவரில் அரசங்கன்று முளைத்து, பொதுப்பணித் துறை 'பயன்பாட்டுக்கு உகந்ததல்ல' என்று சான்று கொடுத்துவிட்ட ஒரு பழைய அலுவலகத்தைப் பார்க்க ஒருவர் விமானம் ஏறி வருவார் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. ஆனால் விதி இல்லாத இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு விதி உண்டு. மேலிடத்துக்கு எழுத வேண்டும்.

அந்த வெளிநாட்டவர் என் மகள்.

பிறந்து வளர்ந்தது இங்கேதான். இப்போது வேறொரு நாட்டின் குடிமகள். மாசி மாதம் சுற்றுலா விசாவில் பன்னிரண்டு நாள் வந்தாள், தனியாக. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், மாப்பிள்ளைக்கு வேலை. வெளிநாட்டவரைத் தங்கவைக்கிற யாரும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் 'சி' படிவம் தாக்கல் செய்ய வேண்டும். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் நான் தாக்கல் செய்துவிட்டேன். தங்கவைப்பவர் பெயர் நான், தங்குபவர் பெயர் அவள். அப்பா என்று எழுத எங்காவது இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

ஈரத் தலையோடு வந்து கணினித் திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா இது, லாட்ஜுல ரூம் போட்ட மாதிரி இருக்கு?"

"சட்டம் தாயி."

"சாப்பாடு சேத்தியா, தனியா?"

அவளுடைய அம்மாவின் வாய் அது. அம்மா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

எந்த அலுவலகம், எந்தத் துறை என்று நான் எழுதப்போவதில்லை. அங்கே இருப்பவர்கள் யாருக்கும் என்னால் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் போகக் கூடாது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கம் பஸ்ஸில் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். என் மனைவி அங்கேதான் தட்டச்சர். இதை என் மகள் படிக்கக்கூடும். நேரில் சொல்ல வராததை எழுத்தில் கொடுப்பது என் பழக்கம், அவளுக்கும் தெரியும்.

அவளுக்கு ஏன் அந்தக் கட்டடத்தைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷம் முன்பு நாங்கள் இருவரும் அவள் இருக்கும் நாட்டுக்குப் போனோம். அங்கே நாங்கள்தான் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள். அந்த நாட்டுப் பாராளுமன்றத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். மகள் கைப்பேசியில் நாலு தட்டுத் தட்டினாள், அனுமதி வந்துவிட்டது. கையொப்பம் இல்லை, முத்திரை இல்லை, 'உரிய வழியாக' என்ற வார்த்தை இல்லை. எனக்கு நம்பிக்கை வராமல் அந்தத் தாளை அச்செடுத்து, இரண்டு நகலும் எடுத்து வைத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. வாசலில் ஆளுக்கொரு வட்டச் சீட்டை நெஞ்சில் ஒட்டிவிட்டார்கள். மனைவியின் சேலையில் அது நிற்காமல் நிற்காமல் விழுந்தது. அவள் குனிந்து எடுத்து எடுத்து ஒட்டிக்கொண்டாள், ஏதோ விருது மாதிரி.

சுற்றிக் காட்டிய பெண் மண்டபங்களையும் மாடங்களையும் காட்டினாள். நான் கோப்புகளை எத்தனை வருஷம் பாதுகாப்பார்கள் என்று கேட்டேன். என் மனைவி மகளின் முழங்கையை இடித்து, "இங்க டைப் அடிக்கிறவுக எங்க ஒக்காருவாகன்னு கேளுத்தா" என்றாள். மகள் கேட்டாள். அந்தப் பெண் மரியாதையாகச் சிரித்து, அந்தப் பகுதியெல்லாம் பார்வையாளர்களுக்குக் கிடையாது என்றாள்.

திரும்பி வரும்போது ரயிலில் மனைவி சொன்னாள்: "ஏங்க, நம்ம ஆபீஸயும் இப்பிடிக் காட்டலாம். டோக்கன் போட்டு. இதான் ஃபைலு தொலஞ்ச எடம், இதான் அது கெடச்ச எடம், இதான் இவுக எல்லாரையும் வைஞ்ச எடம்னு."

மகள் சிரித்துச் சிரித்து இருமினாள். "மொத டோக்கன் எனக்கும்மா. வந்து பாக்குறேன். நீ கூட்டிட்டுப் போயி காட்டணும்."

"காட்டுறேன். டைப்பிஸ்ட்டு ரூமுதான் மொதல்ல."

அந்த அறை என் மகளுக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விட்டுவிடும், அலுவலகம் அதற்கு மேல் நெடுநேரம் நடக்கும். அதுவரை அவள் அந்த அறையில்தான் இருப்பாள், தட்டச்சு மேசைக்கு அடியில், அம்மாவின் முழங்காலில் சாய்ந்துகொண்டு. தலைக்கு மேலே எந்திரம் தடதடக்கும். சில நாள் அப்படியே தூங்கிவிடுவாள். நாற்காலி ஒன்று காலியாகத்தான் இருந்தது. அலுவலக நாற்காலியில் குழந்தையை உட்கார வைக்கக் கூடாது என்று சொன்னவன் நான். ஒரு நாள் அவள் ரிப்பன் எங்கோ விழுந்துவிட, அம்மா கோப்புக் கட்டும் சிவப்பு நாடாவில் ஒரு முழம் வெட்டிப் பின்னலைக் கட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் நான் அதை அவிழ்க்கச் சொல்லி, மறுநாள் கொண்டுபோய்க் கோப்புக் கட்டோடு சேர்த்தேன். அரசாங்கச் சொத்து. அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது.

அம்மா இறந்தபோது மகளால் வர முடியவில்லை. அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னேன். குடியுரிமை மாறி, புதுக் கடவுச்சீட்டு அப்போதுதான் கைக்கு வந்திருந்தது, இந்திய விசா எடுத்திருக்கவில்லை. இப்படிப்பட்ட சமயத்துக்கு அவசர விசா உண்டு. எனக்குத் தெரியும். இரண்டு நாள் பொறுத்திருந்தால் வந்திருப்பாள். அதுவும் தெரியும். காலையில் அவள் தொலைபேசியில் அழுதுகொண்டிருக்கும்போது, "நடைமுறை முடியவே ஒரு வாரம் ஆகும் தாயி, அலைய வேண்டாம்" என்றேன். அன்று மாலையே எல்லாம் முடிந்துவிட்டது. ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கு அப்போது என்னிடம் வரிசையாகக் காரணங்கள் இருந்தன.

அவள் வந்த மறுநாள் காலை, காப்பி குடிக்கும்போது கேட்டாள். "அப்பா, அந்த ஆபீஸ இடிக்கப் போறாகளாமே?"

"ஆமா. புதுக் கட்டடத்துக்கு எல்லாம் போயிருச்சு. இப்ப பழைய ரெக்கார்டு மட்டும் கெடக்கு. பூட்டித்தான் இருக்கு."

"அதுக்குள்ள எனக்கு அம்மா ரூமப் பாக்கணும். ஒரு தடவ. கூட்டிட்டுப் போறீகளா?"

இவ்வளவுதான் அவள் கேட்டது. அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, அம்மா உட்கார்ந்த இடத்தையாவது பார்க்க வேண்டும்.

நான் செய்ய வேண்டியிருந்தது எதுவுமே இல்லை. சாவி அலுவலக உதவியாளரிடம் இருந்தது. அவரை வேலையில் சேர்த்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். என் மனைவி கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சோற்றில் பாதியை வருஷக்கணக்கில் சாப்பிட்டவர். பஸ் ஏறிப் போய், "சாவியக் குடுப்பா" என்றால் கொடுத்திருப்பார். அரை நாள் வேலை.

"பாக்கலாம் தாயி" என்றேன். "ஆனா நீ இப்ப வெளிநாட்டவர். அரசாங்கக் கட்டடத்துக்குள்ள வெளிநாட்டவர அப்பிடிப் பொசுக்குன்னு கூட்டிட்டுப் போக முடியாது. எழுதிக் குடுத்து அனுமதி வாங்கணும்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிப்பா" என்றாள்.

இங்கே நான் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அன்று நான் விதிக்காக எழுதவில்லை. ஒரு மனு தபால் பிரிவில் எத்தனை நாள் கிடக்கும், எழுத்தர் மேசையில் எத்தனை நாள், குறிப்பு எழுதி மேலே போக எத்தனை நாள், மாவட்ட அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு எத்தனை நாளில் திரும்பும் என்று எனக்கு மனப்பாடம். வெளிநாட்டவர் என்ற ஒரு சொல்லை மனுவில் போட்டால் யாரும் தன் பொறுப்பில் கையொப்பம் போட மாட்டார்கள் என்பதும் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மாதம். அவள் பயணச்சீட்டு பன்னிரண்டு நாள். அனுமதி வரட்டும் என்று அவள் தேதியைத் தள்ளிப்போடுவாள் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்ச நாள் இரு என்று கேட்கலாம்தான். இரண்டு நாள் அவளுக்காகக் காத்திருக்காதவன் எந்த வாயால் கேட்பது? அதனால் அரசாங்கத்தை விட்டுக் கேட்கச் சொன்னேன்.

அன்றே மனு எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. ஒரு எழுத்து அடிக்காமல் எழுதினேன். அவள் கையொப்பம் போட்டாள். நானே கொண்டுபோய்ப் புது அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கினேன்.

இப்போது அங்கே கண்காணிப்பாளராக இருக்கும் அம்மையார் என்னிடம் எழுத்தராக வேலை பழகியவர். மனுவைப் படித்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"சார், என்ன சார் இது? வாயால சொல்லியிருந்தீங்கன்னா நானே சாவியோட கூட வந்திருப்பேன்."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லம்மா."

"இப்ப எழுத்துல குடுத்துட்டீங்க. அதுலயும் வெளிநாட்டுப் பிரஜைன்னு கோடு போட்டுக் குடுத்திருக்கீங்க. இனிமே நான் வாயால எப்பிடி சார் சரின்னு சொல்றது?"

"மேல எழுதுங்க."

"மேல எழுதுனா எப்ப வரும்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

"வரும்போது வரட்டும்மா" என்று எழுந்தேன். வாசல் வரை வந்து, "பாப்பா எத்தன நாள் சார் இருக்கும்?" என்று கேட்டார். நான் பஸ் வந்துவிட்டது என்று சொல்லி இறங்கிவிட்டேன். பஸ் வரவில்லை. வெயிலில் முக்கால் மணி நேரம் நின்றேன்.

அதற்கு மறுநாள் மகள், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவள் ஒருத்தி பரளச்சியில் இருக்கிறாள், பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். நான் பஸ் நேரங்களை எழுதிக் கொடுத்தேன். சாயங்காலம் திரும்பியபோது சுடிதார் முழங்காலெல்லாம் புழுதி. கண் சிவந்திருந்தது. "ரோடு வேலை நடக்குதுப்பா, ஒரே தூசி" என்றாள். சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். எதிர்வீட்டு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில்தான் தனக்கு நல்ல தூக்கம் வரும் என்பாள். தடதடப்பு எதுவாக இருந்தாலும் சரி போல.

பிறகு தினமும் சாயங்காலம் நான் மனுவின் நிலவரத்தை அவளுக்குச் சொன்னேன். ஒரு நாள் அது பதிவாகி எண் வாங்கியது. ஒரு நாள் எழுத்தர் விடுப்பு. ஒரு நாள் குறிப்பு எழுதி விருதுநகருக்குப் போனது. நோயாளியைப் பற்றிச் சொல்வது போல் சொல்வேன். அவளும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அப்பறம்?" "அதுக்கு என்ன பண்ணுவாக?" என்று கேட்பாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. முப்பது வருஷம் நான் அலுவலகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வீட்டில் அம்மாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் எழுந்து போய்விடுவார்கள்.

எட்டாம் நாள் விளக்கம் கேட்டு வந்தது. 'மேற்படி கட்டடத்தில் பார்வையிடத்தக்க சிறப்பு யாது?' என்று ஒரே வரி. நல்ல கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். பதிலை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். கடைசியில் இப்படி எழுதினேன்: 'மேற்படி கட்டடத்தின் வடகிழக்கு அறையில் மனுதாரரின் தாயார் தட்டச்சராகப் பணிபுரிந்தார். அவர் அடித்த பக்கங்களில் பிழை இருந்ததாகப் பதிவேதும் இல்லை. கட்டடத்துக்கு வேறு சிறப்பு இல்லை.'

கையொப்பத்துக்கு மகளிடம் நீட்டினேன். படித்தாள். மறுபடி படித்தாள்.

"அம்மாவப் பத்தி நீங்க எழுதி நான் பாக்குறது இதாம்ப்பா மொதத் தடவ."

"விளக்கம் கேட்டிருக்காக. குடுக்கணும்ல."

"யாராச்சும் கேட்டாத்தான் குடுப்பீகளா?"

கையொப்பம் போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

பத்தாம் நாள், பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். நான் செய்தித்தாளைப் பார்த்தபடியே, "இன்னும் மூணு நாலு நாள்ல ஆர்டர் வந்துரும்னு சொல்றாக" என்றேன். யாரும் சொல்லவில்லை.

அவள் அடுக்குவதை நிறுத்தினாள். என் பக்கம் திரும்பாமல், "அப்பிடியா? சரி, நாலு நாள் தள்ளிப் போட்டுக்கிறேன்" என்றாள். அப்போதே தொலைபேசியில் பேசித் தேதியை மாற்றினாள். மாப்பிள்ளைக்கு விளக்கம் சொல்வதும் கேட்டது, அந்த ஊர் மொழியில். நான் கடைக்குப் போய்க் காராச்சேவு அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன். எங்கள் இருவருக்கும் கால் கிலோவே அதிகம்.

அந்த நாலு நாளும் அவள் எங்கும் போகவில்லை. அம்மாவின் சேலைகளை மடித்து மடித்து வைத்தாள். எனக்குக் கைப்பேசியில் மருந்து வாங்கக் கற்றுக் கொடுத்தாள். இல்லாத விதியெல்லாம் நான் அவளுக்குச் சொன்னேன். அதில் மூன்றாம் நாள் மத்தியானம், தட்டில் சோறு போட்டுக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டாள்.

"அன்னைக்கு ஏம்ப்பா எனக்காகக் காத்திருக்கல?"

"அவசர விசாவுக்கு முதல்ல தூதரகத்துல..."

"அப்பா. நான் விசாவப் பத்திக் கேக்கல."

உன் அம்மா அப்படி ஐஸ் பெட்டிக்குள் கிடப்பதை என்னால் பார்க்க முடியவில்லை, முடித்துவிட்டால் போதும் என்று இருந்தது, உன்னைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. இதைச் சொல்லியிருக்க வேண்டும். சின்னச் சின்ன வார்த்தைகள்தான். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு, "ரசம் ஊத்து தாயி" என்றேன். ஊற்றினாள்.

ஆணை வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். மதுரை விமான நிலையத்துக்குக் காரில் போனோம். வாசலில் பெட்டிகளை இறக்கும்போது, பெரிய பெட்டியின் கைப்பிடியில் சிவப்பாக ஒரு நாடாத் துண்டு கட்டியிருந்ததைப் பார்த்தேன்.

"இது எதுக்கு?"

"அடையாளத்துக்குப்பா. எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இருக்கும்ல."

"முடிச்சு சரியில்ல, அவுந்துரும்" என்று நானே அவிழ்த்து, இறுக்கிக் கட்டிவிட்டேன். கோப்புக் கட்டுக்குப் போடுகிற முடிச்சு. அவள் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பின்னால் இருந்தவர்கள் வழிவிடச் சொல்லும்வரை அப்படியே நின்றாள்.

"ஆர்டர் வந்தா சொல்லுங்கப்பா."

"சொல்றேன்."

அவள் போய் ஒன்பதாம் நாள் ஆணை வந்தது. பதிவுத் தபாலில், என் மேற்பார்வை முகவரிக்கு. மனுதாரர் ஆணையில் கண்ட தேதியில் காலை பதினொரு மணி முதல் பன்னிரண்டு மணி வரை பழைய கட்டடத்தைப் பார்வையிடலாம். அசல் கடவுச்சீட்டு கொண்டுவர வேண்டும். புகைப்படம் எடுக்கக் கூடாது. குறையே சொல்ல முடியாத ஆணை.

அந்தத் தேதியில் நான் போனேன். யாரும் வராவிட்டால் கோப்பில் 'மனுதாரர் வரவில்லை' என்று எழுதி முடித்துவிடுவார்கள். என் மகள் பெயருக்கு நேராக அப்படி ஒரு வரி நிற்பதை நான் விரும்பவில்லை. ஊருக்குத் திரும்பிவிட்டாள் என்று எழுத்தில் கொடுத்து, அதையும் கோப்பில் சேர்க்கச் சொல்வது என் எண்ணம்.

பழைய கட்டடத்தின் வாசலில் அலுவலக உதவியாளர் சாவியோடு நின்றார். ஓய்வு பெற இன்னும் சில மாதமே இருந்தது அவருக்கு. ஓய்வும் பெற்றுவிட்டார், அதனால்தான் இதை எழுத முடிகிறது.

"வாங்கய்யா. என்னய்யா கையில பேப்பரோட?"

"பாப்பாவுக்கு ஆர்டர் வந்திருக்குப்பா. அவ போயிட்டா. அத எழுதிக் குடுக்கணும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, கோவிச்சுக்கிறாதீக. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுச்சு."

"எது?"

"பாப்பா வந்துட்டுப் போயிருச்சுய்யா. அப்பவே. நீக மனுக் குடுத்துட்டுப் போனீகள்ல, அதுக்கு மறுநா. பஸ்ஸ விட்டு எறங்கி நேரா எங்கிட்ட வந்துச்சு. மாமா, கதவத் தொறந்து விடுங்கன்னுச்சு. டைப்பிஸ்ட்டம்மா மகளுக்கு நான் மாட்டேன்னா சொல்லுவேன்?"

பரளச்சிக்குப் போன நாள்.

அவரே கதவைத் திறந்தார். நடையெல்லாம் கோப்புக் கட்டுகள், எலிப் புழுக்கை, ஓட்டு இடுக்கில் விழுந்த வெயில். வடகிழக்கு அறையில் எந்திரம் இல்லை, மேசை மட்டும் இருந்தது. இரண்டு விரல் கனத்துக்குத் தூசி.

"இந்த மேசைக்கு அடியில போயி ஒக்காந்துச்சுய்யா. அம்மாம் பெரிய பொம்பளப் பிள்ள. எனக்கு என்ன செய்யன்னு தெரியல, வெளிய போயி நின்னுக்கிட்டேன். ஒரு மணி நேரம் இருக்கும். அப்பறம் வந்து, டோக்கன் எங்க மாமாங்குது. என்ன டோக்கன்னு எனக்கு வெளங்கல. அதுவா இந்தக் கட்டுலருந்து ஒரு துண்டு நாடாவ உருவிக்கிட்டு, இது போதும்னுச்சு. அரசாங்கச் சொத்து மாமா, எங்க அப்பாகிட்டச் சொல்லீறாதீகன்னு சிரிச்சுச்சு. சிரிச்சுக்கிட்டே அழுதுச்சு."

"வேற என்ன சொன்னா?"

"நீங்க கதவத் தொறந்து விட்டீகன்னு அப்பாவுக்குத் தெரிய வேணாம். அவுக மனுப் போட்டிருக்காக. அது முடியட்டும்னுச்சு."

குனிந்து பார்த்தேன். மேசைக்கு அடியில் தூசி இல்லாமல் ஓர் இடம் இருந்தது, ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு. அதற்குள் மறுபடி லேசாகத் தூசி படிய ஆரம்பித்திருந்தது.

வந்த மூன்றாம் நாளே பார்த்துவிட்டாள். பிறகு ஒவ்வொரு சாயங்காலமும், பார்த்துவிட்ட அறைக்கு அனுமதி எங்கே நிற்கிறது என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு நாள் தேதியைத் தள்ளிப்போட்டது அறைக்காக இல்லை. நான் எதற்காக மனுப் போட்டேன் என்று, மனுவில் கையொப்பம் போடும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நாலு நாளில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நான் ரசம் கேட்டேன்.

நாற்காலி எதுவும் இல்லை. நான் அந்த மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உதவியாளர் எனக்காகவும் வெளியே போய் நின்றுகொண்டார்.

புது அலுவலகத்துக்கு வந்தபோது கண்காணிப்பாளர் அம்மா கோப்பை எடுத்து வைத்திருந்தார். "சார், நீங்க அப்பாதான. நீங்களே எழுதிக் குடுத்துட்டா முடிச்சிருவேன். மனுதாரர் பாத்தாங்களா, பாக்கலையா? ரெண்டுல ஒண்ணு."

பார்த்தாள் என்பது உண்மை. அதை எழுதினால் அனுமதியில்லாத நாளில் கதவைத் திறந்தது யார் என்று அடுத்த கேள்வி வரும், ஓய்வு பெறப்போகிறவருக்கு ஓய்வூதியம் நின்றுபோகும். பணியில் இருந்த காலம் முழுவதும் நான் கோப்பில் பொய் எழுதியதில்லை. பேனாவைத் திறந்தேன். 'மனுதாரர் குறித்த தேதியில் பார்வையிட வரவில்லை' என்று எழுதி, தேதி போட்டு, கையொப்பமிட்டேன். என் கையெழுத்து எப்போதும் போல நன்றாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். பேத்தியின் பல் விழுந்தது, அங்கே மழை, மாப்பிள்ளைக்குச் சளி. எல்லாம் பேசிவிட்டு, நான் எதிர்பார்த்திருந்ததைக் கேட்டாள்.

"அந்த ஆர்டர் என்னப்பா ஆச்சு? வந்துச்சா?"

ஆணை என் எதிரே மேசையில்தான் இருந்தது, கோப்பு அட்டைக்குள். பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"இன்னும் வரல தாயி."

"வந்துரும்ப்பா. நீங்க விடாம எழுதிக்கிட்டே இருங்க. நான் காத்திருக்கேன்" என்றாள்.